செம்மறி ஆடு வரைகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஒரு பெண் வேம்பூர் இனச் செம்மறி ஆடு வரைய உட்கார்ந்தார். டைட்டானியம் ஒயிட் என்ற சுத்த வெள்ளையை ட்யூபிலிருந்து எடுத்து அப்படியே ஆட்டின் மேல் பூசினார். எனக்குப் பகீரென்றது. தூரிகை கழுவுவது, கேன்வாஸுக்கு ஜெஸ்ஸோ என்ற அடிப்பூச்சு பூசுவதெல்லாம் யாரும் சொல்லித்தருவார்கள். இதைத்தான் சொல்ல ஆளில்லை.

ட்யூப் வெள்ளை

நானும் அப்படித்தான் கெடுத்தேன். மூன்றடிக் கேன்வாஸ், செம்மண் காடு, பதினான்கு ஆடுகள். எல்லாம் சுத்த வெள்ளை. கடைசியில் காது விளிம்பில் வெயில் வைக்கலாம் என்று பார்த்தால், அதைவிட வெளிச்சமான நிறம் கையில் இல்லை. ஆடுகள் பஞ்சுப்பொதி மாதிரி நின்றன. பதினான்கையும் திரும்ப வரைந்தேன். ஒரு பெரிய ட்யூப் காலி. படம் கேட்டிருந்தவர் அதற்குள் வேறு படம் வாங்கிவிட்டார்.

வெயிலில் நிற்கும் ஆட்டுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்துப் பாருங்கள். ஆடு சந்தன நிறமாகத் தெரியும். நிழல் பக்கம் நீலம் கலந்த சாம்பல். வயிற்றடியில் செம்மண்ணின் வெளிச்சம் பட்டு ஆரஞ்சு ஏறியிருக்கும். கரிசலில் அது கிடையாது, வயிறு இருண்டே இருக்கும்.

நிழலுக்கு அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்து வெள்ளை சேருங்கள். வயிற்றுக்கு சியன்னாவைக் கூட்டுங்கள். வெயில் பக்கத்துக்கு வெள்ளையில் துளி யெல்லோ ஓக்கர் என்ற மண் மஞ்சள். அக்ரிலிக் காய்ந்தால் கொஞ்சம் இருளும், அதனால் ஒரு படி வெளிறக் கலக்குங்கள். சுத்த வெள்ளையைக் கடைசிவரை தொடாதீர்கள்.

வெளிநாட்டு போட்டோ

அதைப் பார்த்து நம்மூர் ஆட்டுக்குக் கம்பளி போர்த்தாதீர்கள். வேம்பூர், மேச்சேரி இன ஆடுகளுக்கு உடம்பில் குட்டை முடிதான். எலும்பும் விலாவும் தெரியும். கம்பளிதான் வரைய வேண்டுமென்றால் நீலகிரி ஆட்டை வரையுங்கள்.

வால்

தொங்க வேண்டும். தூக்கினால் வெள்ளாடு.

ஆயில் பெயிண்ட் மேல் அக்ரிலிக்

வேண்டவே வேண்டாம், உரிந்துவிடும்.

எல்லா ஆடும் நம்மைப் பார்ப்பது

உச்சி வெயிலில் ஒரு மந்தையைப் போய்ப் பாருங்கள். ஒன்றின் வயிற்று நிழலில் இன்னொன்று தலையை நுழைத்துக்கொண்டு நிற்கும். ஒரு முகமும் தெரியாது. தெரிவதெல்லாம் நெருக்கியடித்த முதுகுகள், இங்கொன்றும் அங்கொன்றுமாகச் செம்பழுப்புத் திட்டு. அந்த முதுகு விளிம்புகளில், நாலைந்து இடத்தில் மட்டும், எடுத்துவைத்த வெள்ளையை வையுங்கள்.