வயசு போன பிறகு யாரை ஏசுவது, எப்போது ஏசுவது

எனக்கு 67 வயது. இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் 38 வருடம் கொழுந்தெடுத்தேன். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த முதல் இரண்டு வருடம் நான் வாய் திறந்தாலே ஏச்சுதான். பேத்தி சத்தம் போட்டாலும் ஏசுவேன், போடாமல் இருந்தாலும் ஏசுவேன். அந்த நேரம் எல்லாரும் என்னிடம் சொன்னது ஒன்றுதான், "பொறுமையாக இருங்க அம்மாயி". அது ஒன்றுக்கும் உதவாத புத்தி. எனக்கு வந்த கோபத்தில் பாதி உடம்பிலிருந்து வந்தது, மீதிப் பாதி நியாயமான கோபம். உடம்பிலிருந்து வருவதற்கு மருந்து எடுக்க வேண்டும். நியாயமானதை விடவே கூடாது, ஆனால் அதைக் கொண்டுபோக வேண்டிய இடம் வேறு. என்னைப் போல் வயசு போனவர்களுக்கும், அவர்களோடு லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், ஒரே காம்பராவில் (அறையில்) இருப்பவர்களுக்கும் நான் சொல்ல நினைப்பது இதுதான்.

முதலில் காதைப் பாருங்கள். ஒருநாள் விடியக்காலை மருமகள் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள், ஏழு மணிக்கு முன் பிரட்டுக்கு, வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, போக வேண்டும். என் சுவெட்டர் எங்கே என்று கேட்டேன், பதில் இல்லை. திரும்பக் கேட்டேன், பதில் இல்லை. மூன்றாம் தரம் "உனக்கு நான் மனுசியாகவே தெரியலையா" என்று கத்திவிட்டேன். பேத்தி என் முன்னால் வந்து நின்று, "அம்மாயி, அம்மா ரெண்டு தரமும் பதில் சொன்னாங்க, கொடியில இருக்குன்னு" என்றாள். மருமகள் ஒன்றும் பேசவில்லை, ரொட்டியைத் திருப்பிப் போட்டாள், மாவுக் கையால் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு காதிலும் அழுக்கு கல்லாக அடைத்திருந்தது, மருந்து விட்டு ஊற வைத்து எடுத்தார்கள். வெளியே வந்ததும் பீலியில் தண்ணீர் விழும் சத்தம் அவ்வளவு தெளிவாகக் கேட்டது.

எல்லாருக்கும் அழுக்காக இருக்காது. வயதினால் குறையும் கேள்வியில் மெல்லிய, உயர்ந்த குரல்கள்தான் முதலில் போகும், அதனால்தான் ஆம்பிளைகள் பேசுவது விளங்கும், மருமகளும் பிள்ளைகளும் பேசுவது முணுமுணுப்பாகத் தெரியும். நம்மைப் பற்றித்தான் குசுகுசுக்கிறார்கள் என்று மனம் கணக்குப் போட்டுவிடும். வீட்டில் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: கத்திப் பேசாதீர்கள், டீவியைக் குறைத்துவிட்டு, முகம் தெரிய எதிரில் நின்று, மெதுவாகப் பேசுங்கள். கோழி இறகு, ஹேர்பின் எதையும் காதுக்குள் விடக்கூடாது.

அடுத்தது நாம் பறித்த தேயிலையே. ரொட்டி தின்ற கையோடு சாயத்தண்ணி குடிப்பது நம் ஊர்ப் பழக்கம், ஆனால் சாப்பாட்டோடு தேயிலை சேர்ந்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் ஒழுங்காகச் சேராது. இரத்தம் குறைந்தால் களைப்பு, மூச்சு வாங்கல், எதற்கெடுத்தாலும் எரிச்சல். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில் ஒரு மணித்தியாலம் விடுங்கள், கீரையில் தேசிக்காய் பிழியுங்கள், இரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று சோதித்துப் பாருங்கள். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு கடுஞ்சாயம் வேண்டாம், இராத்திரி நித்திரை இல்லாவிட்டால் காலையில் யாரைப் பார்த்தாலும் பிடிக்காது. சீனி வருத்தத்துக்கு மாத்திரை போடுபவர்கள் சாப்பாடு பிந்தினால் வேர்த்து, நடுங்கி, திடீரென்று வள்ளென்று விழுவார்கள். அது சீனி இறங்கியதன் அடையாளம். உடனே சீனி கரைத்துக் கொடுத்துவிட்டு, அடுத்த கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கள்.

இன்னொன்று. நேற்றுவரை நன்றாக இருந்த ஆள் இன்று ஆளை அடையாளம் தெரியாமல் கத்தினால் அதைக் குணம் என்று விட்டுவிடாதீர்கள். சலக்கடுப்பு, காய்ச்சல், புது மாத்திரை, இப்படி ஏதாவது இருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். சாப்பாடு தள்ளி, சுவரைப் பார்த்துப் படுத்து, "செத்தாத் தேவலை" என்று சொல்பவரும் நோயாளிதான், அதற்கும் மருந்து இருக்கிறது.

சரி, நியாயமான கோபத்துக்கு வருவோம். எனக்கு வர வேண்டிய சேவைக்காலப் பணம், பணிக்கொடை என்பார்கள், இழுபட்டுக்கொண்டே போனது, நான் அதை மருமகள் மேல் காட்டிக்கொண்டிருந்தேன். அவளா எனக்குக் கடன்காரி? 1983ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடம் வேலை செய்து விலகிய நாட்சம்பளக்காரருக்கு வருடம் ஒன்றுக்கு 14 நாள் சம்பளம் கணக்கு. 38 வருடத்துக்கு 532 நாள் சம்பளம். வேலையை விட்டு 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லையென்றால் தோட்ட ஒப்பீஸ் வாசலில் நின்று கத்துவதால் பிரயோசனமில்லை, நான் கத்திப் பார்த்தவள். வேலைக்குச் சேர்ந்த திகதி, விட்ட திகதி, கடைசிச் சம்பளத் துண்டு, அடையாள அட்டைப் பிரதி எல்லாவற்றையும் ஒரு பைலில் போட்டு, எழுத்தில் ஒரு முறைப்பாடு எழுதி லேபர் ஒப்பீசில் கொடுங்கள், கொடுத்ததற்குத் துண்டு வாங்குங்கள். ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) பணமும் அப்படித்தான், பெண்களுக்கு 50 வயதில், ஆண்களுக்கு 55 வயதில் எடுக்கலாம். செக்ரோலில், அதாவது தோட்டத்துப் பேர்ப் பதிவில், ஒரு பேர், அடையாள அட்டையில் வேறு பேர் என்று இருந்தால் அங்கேதான் எல்லாம் சிக்கும், ஆகவே வேலையில் இருக்கும்போதே பேரைச் சரிபாருங்கள். கோபத்தைப் பைலுக்குள் போட்ட அன்றிலிருந்து எனக்கு வீட்டில் கத்துவது குறைந்தது, இது உண்மை.

வீட்டுக்குள் நேரம் பார்க்க வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஒருவர் கோபம் மற்றவர் மேல் படாமல் இருக்காது. காலையில் பிரட்டுக்கு முன்னும், பின்னேரம் கூடையை இறக்கி வைத்த கையோடும் மருமகளிடம் எதையும் கேட்காதீர்கள். கொழுந்து கிலோ குறைந்து அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழுந்த நாளில் மலையிலிருந்து இறங்கும் மனுசியின் முகம் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா? 38 வருடம் அந்த முகத்தோடு வந்தவள் நான், இரண்டே வருடத்தில் மறந்துவிட்டேன். ஏசிவிட்டால் மன்னிப்பெல்லாம் வாயால் கேட்க வராது நமக்கு. அவள் வருவதற்குள் சுடுதண்ணி வைத்து, அட்டைக்கடிக்கு உப்பை எடுத்து இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) வைத்துவிடுங்கள், அவளுக்கு விளங்கும்.

அப்புறம், ஒரு விசயத்தில் மட்டும் யார் என்ன சொன்னாலும் வாயை மூடாதீர்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்க முடியாது. சுவரில் புது வெடிப்பு, மரம் சரிவது, இல்லாத இடத்தில் ஊற்று, தெளிந்த ஊற்று திடீரென்று கலங்குவது, இதெல்லாம் மலை நகர்வதன் அடையாளம். இதை முதலில் காண்பது பகல் முழுக்க லயத்தில் இருக்கும் நாம்தான். கிராம சேவகரிடம் சொல்லுங்கள், அசட்டை செய்தால் திரும்பவும் போய்ச் சொல்லுங்கள், "கிழவி தொல்லை" என்று சொல்லட்டும். அடைமழை என்றால் இருட்டுவதற்கு முன்பே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள். எங்கள் அடுப்படிச் சுவரில் ஒரு வெடிப்பு இருக்கிறது. அதன் இரண்டு நுனியிலும் பேத்தியின் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதியிருக்கிறேன், ஒவ்வொரு ஞாயிறும் பார்க்கிறேன்.