ஆர்எக்ஸ் 100 கார்ப்பரேட்டரில் மிதவை உயரத்தை நீங்களே சரிசெய்யலாம்

காலையில் வண்டியை எடுக்கப் போனால் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம், குப்பென்று பெட்ரோல் வாடை. என் யமஹா ஆர்எக்ஸ் 100 இப்படி ஒரு மாதம் படுத்தியது. மூன்று முறை கடையில் காட்டினேன், மூன்று முறையும் ட்யூனிங் ஸ்க்ரூவைத் திருப்பித்தான் கொடுத்தார்கள். கோளாறு அங்கே இல்லை. பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்ப்பரேட்டருக்குள் இருக்கும் மிதவை, அதாவது ஃப்ளோட், அளவு தப்பி நின்றிருந்தது. அதைச் சரியாக வைக்காமல் ஸ்க்ரூவையும், பெட்ரோல் போகும் சிறு துளையான ஜெட்டையும் எத்தனை முறை மாற்றினாலும் பயன் இருக்காது.

வீட்டு மேல்தொட்டியில் தண்ணீர் நிறைந்ததும் பந்து மேலே வந்து குழாயை அடைக்கிறது இல்லையா, அதே வேலைதான் இங்கேயும். கார்ப்பரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணமான பவுலில் பெட்ரோல் ஏற ஏற மிதவையும் ஏறும். அதன் நடுவில் இருக்கும் சிறிய உலோக நாக்கு, ஊசி வால்வைத் தள்ளி பெட்ரோல் வரும் வழியை மூடும். எந்த மட்டத்தில் மூடுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஸ்ட்ரா போட்டு இளநீர் குடிக்கும்போது கவனித்திருப்பீர்கள்: நிறைய இருக்கும்போது லேசாக உறிஞ்சினாலே வரும், குறையக் குறைய மூச்சை இழுக்க வேண்டும். இன்ஜினும் ஜெட் வழியாக அப்படித்தான் உறிஞ்சுகிறது. மட்டம் தாழ்ந்தால் பெட்ரோல் குறைவாகப் போகும், உயர்ந்தால் அதிகமாகப் போகும்.

அதிகமானால் பிளக் கறுத்து நனையும், ஓவர்ஃப்ளோ குழாயில் பெட்ரோல் சொட்டும், மைலேஜ் விழும். குறைந்தால் நிலைமை இன்னும் மோசம். ஆர்எக்ஸ் 100 ஒரு 98 சிசி டூ ஸ்ட்ரோக். நெடுஞ்சாலையில் முழு ஆக்ஸிலேட்டரில் போகும்போது பெட்ரோல் போதாமல் சூடேறினால் பிஸ்டன் ஜாம் ஆகிவிடும். அதனால் சொட்டுவதை நிறுத்த வேண்டும் என்பதற்காக மட்டத்தைக் கண்டபடி குறைத்துவிடாதீர்கள்.

கழற்றுவதற்கு முன்

காற்றோட்டமான இடத்தில், இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு சென்டர் ஸ்டாண்ட் போடுங்கள். பக்கத்தில் சிகரெட், விளக்கு, பூஜை அறை எதுவும் வேண்டாம். வெர்னியர் காலிப்பர், நோஸ் பிளையர், ஒரு தட்டு, பழைய துணி, தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் போதும். ஜப்பானிய வடிவ கார்ப்பரேட்டரின் திருகுத் தலை, நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ டிரைவருக்குச் சரியாகப் பொருந்தாது. வழுக்கித் தலை தேய்ந்துவிட்டால் திருகை எடுப்பதே பெரும் பாடு. நன்றாக அழுத்திப் பிடித்துக்கொண்டு திருப்புங்கள்.

கழற்றுதல்

பெட்ரோல் டேப்பை மூடிக் குழாயைக் கழற்றுங்கள். மேல் மூடியைத் திருகி, ஆக்ஸிலேட்டரோடு ஏறி இறங்கும் ஸ்லைடையும் அதோடு வரும் ஊசியையும் (இது ஊசி வால்வு இல்லை) வெளியே இழுத்து, ஊசி வளையாதபடி துணியில் சுற்றித் தொங்கவிடுங்கள். இன்ஜின் பக்கமும் ஏர் ஃபில்டர் பக்கமும் உள்ள பிடிமானங்களைத் தளர்த்தினால் கார்ப்பரேட்டர் கைக்கு வந்துவிடும். பவுலில் மிச்சமுள்ள பெட்ரோலைத் தட்டில் ஊற்றிவிட்டு, திருகுகளை எடுத்துப் பவுலைப் பிரியுங்கள்.

இப்போது அளவெடுக்க அவசரப்படாதீர்கள். முதலில் ஊசி வால்வைப் பாருங்கள். மிதவையைப் பிடித்திருக்கும் குறுக்குக் கம்பியை மெல்லத் தள்ளி எடுக்க வேண்டும். சுத்தியால் தட்டினால் கம்பி நிற்கும் தூண் உடைந்துவிடும், கார்ப்பரேட்டரையே தூக்கிப் போட வேண்டியதுதான். ஊசியின் கூம்பு முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, நகத்தால் வருடுங்கள். வளையம் போலத் தேய்ந்த கோடு நகத்தில் தட்டினால் ஊசியை மாற்றுங்கள். அது உட்காரும் இருக்கையில் தூசி ஒட்டியிருந்தால் துடையுங்கள். மிதவையைக் காதருகே குலுக்கிப் பாருங்கள். உள்ளே சளசளவென்று சத்தம் வந்தால் ஓட்டை விழுந்து பெட்ரோல் குடித்திருக்கிறது. என் வண்டியில் ஊசியும் தேய்ந்திருந்தது. அதை மாற்றாமல் உயரத்தை மட்டும் திருத்தியிருந்தால் மறுபடி சொட்டத்தான் செய்திருக்கும்.

அளப்பது

ஊசியையும் மிதவையையும் திரும்ப மாட்டுங்கள். பவுல் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட்டை எடுத்துவிட்டு, கார்ப்பரேட்டரைத் தலைகீழாகப் பிடியுங்கள். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். பல ஊசிகளின் பின்பக்கம் ஸ்பிரிங் வைத்த ஒரு குட்டி முனை இருக்கும். முழுத் தலைகீழாக வைத்தால் மிதவையின் எடையே அந்த ஸ்பிரிங்கை அமுக்கி, அளவைப் பொய்யாக்கிவிடும். அதனால் கார்ப்பரேட்டரைக் கொஞ்சம் சாய்த்து, நாக்கு அந்த முனையைத் தொட்டும் தொடாமலும் நிற்கிற நிலையைக் கண்டுபிடியுங்கள். கேஸ்கெட் உட்காரும் தளத்திலிருந்து மிதவையின் தொலைவான விளிம்பு வரை வெர்னியரால் அளக்க வேண்டும். இரட்டை மிதவை என்றால் இரண்டு பக்கமும் ஒரே அளவு வர வேண்டும்.

சரியான எண்ணை உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் பாருங்கள். இன்னொரு மாடலின் எண் ஒத்துவராது. எங்கிருந்து எங்கே அளக்க வேண்டும் என்பதும் அதில் படமாக இருக்கும்.

நாக்கை வளைப்பது

இந்தத் திசைதான் குழப்பும், பொறுமையாகப் படியுங்கள். தலைகீழாக அளக்கும்போது எண் பெரிதானால், வண்டியில் பெட்ரோல் மட்டம் தாழ்வு. எண் சிறிதானால் மட்டம் உயர்வு. உதாரணத்துக்கு, கையேட்டில் 21 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம், உங்களுக்கு வருவது 18. அப்படியென்றால் மட்டம் உயர்ந்திருக்கிறது, அதுதான் வழிகிறது. நாக்கை ஊசியை நோக்கி வளைத்தால் வால்வு சீக்கிரம் மூடும், எண் கூடும். எண்ணைக் குறைக்க வேண்டுமென்றால் ஊசியிலிருந்து விலக்கி வளையுங்கள்.

மிதவையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வளைப்பதே நல்லது. மாட்டியபடியே வளைத்தால் ஊசி நசுங்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு வளைத்தாலே விளிம்பில் அது பல மடங்காகத் தெரியும். ஒரு முடி அளவு வளைத்து, மாட்டி, அளந்து, மறுபடி கழற்றுங்கள். எனக்கு ஆறு தடவை ஆனது. நாக்கும் முழுப் பிளாஸ்டிக்காக இருந்தால் வளைக்க வராது. தேய்ந்த உறுப்பை மாற்றுவதுதான் வழி.

மாட்டிச் சரிபார்ப்பது

நைந்த கேஸ்கெட்டைத் திரும்பப் போட வேண்டாம். ஸ்லைடை இறக்கும்போது அதன் சாய்வாக வெட்டிய பக்கம் ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும், பக்கவாட்டுப் பள்ளம் உள்ளிருக்கும் முளையில் பொருந்த வேண்டும். ஸ்டார்ட் செய்யும் முன் ஆக்ஸிலேட்டரைத் திருகி விடுங்கள், ஸ்லைடு ‘டக்’ என்று இறங்கும் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் கிக்கரில் காலை வைக்காதீர்கள்.

பெட்ரோல் குழாயை மாட்டி டேப்பைத் திறந்து விடுங்கள். பவுலின் அடியில் வடிகால் திருகும் குழாய் மாட்டும் மூக்கும் இருக்கும் மாடலில் இன்னொரு சோதனை செய்யலாம். அந்த மூக்கில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை மாட்டி, மறுமுனையைப் பவுலின் பக்கத்தில் மேல்நோக்கிப் பிடித்துக்கொண்டு திருகைத் தளர்த்துங்கள். குழாயில் பெட்ரோல் நிற்கும் இடம்தான் உள்ளே இருக்கும் மட்டம். வெர்னியரைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம்.

அப்புறம் தளர்த்திய திருகை இறுக்கிவிட்டு, அடியில் ஒரு செய்தித்தாளை விரித்து ஐந்து நிமிடம் காத்திருங்கள். தாளில் ஈரம் படவில்லை என்றால் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, ஆறியதும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பால் கலந்த காபி நிறம் இருந்தால் சரி. வெளுத்திருந்தால் வேகமாக ஓட்டாதீர்கள், மட்டத்தை மறுபடி அளந்து பாருங்கள். மட்டம் சரியாக இருந்தும் நிறம் ஒத்துவரவில்லை என்றால், அப்போதுதான் ஜெட்டிலும் ட்யூனிங் ஸ்க்ரூவிலும் கை வைக்க வேண்டும்.