கிப்லா தெரியாமல் கேமராவைத் தூக்காதீர்கள்: பள்ளிவாசல் படங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தக்கலையிலிருந்து களியக்காவிளை வரை வளைகுடாவுக்கு ஆள் அனுப்பாத தெரு இல்லை. விடுமுறைக்கு வருகிறவர் தம்பிக்கு நல்ல கேமராவாக ஒன்று வாங்கி வருகிறார். அந்தத் தம்பி ஞாயிற்றுக்கிழமை எல்லை தாண்டித் திருவனந்தபுரம் போய்ப் பாளையம் பள்ளிவாசலை எடுக்கிறான். அடுத்து கொடுங்கல்லூர், கோழிக்கோடு. பிறகு அவனும் வேலைக்கு வெளிநாடு போய், வழியில் இஸ்தான்புல்லைப் பார்த்துவிட்டு வருகிறான். பிரிண்ட் போட என் ஸ்டுடியோவுக்கு வரும் படங்களில், தொடக்க காலத்தில் நான் செய்த தவறுகளே வரிசை மாறாமல் வந்து நிற்கின்றன. பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க மனம் வரவில்லை.

செருப்பைக் கழற்றுவது, அடக்கமாக உடுத்துவது, பேட்டரியைச் சார்ஜ் செய்துகொண்டு போவது பற்றியெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவை யாருக்கும் தெரிந்தவை.

கிப்லா எந்தப் பக்கம் என்று பார்க்காமல் போவது

கட்டுரையில் பாதி இதற்கே போகும். இந்தத் தவறுதான் பணத்தையும் நாளையும் ஒருசேர விழுங்குகிறது.

பள்ளிவாசலை அழகுக்காக எந்தத் திசை நோக்கியும் கட்டிவிட முடியாது. தொழுகிறவர்கள் மக்காவிலுள்ள கஅபாவை நோக்கி நிற்க வேண்டும்; அந்தத் திசைதான் கிப்லா. அதைக் காட்டும் மிஹ்ராப் என்ற மாடம் அந்தப் பக்கத்துச் சுவரில் இருக்கும். தலைவாசலும் முற்றமும் பெரும்பாலும் அதற்கு எதிர்ப்பக்கம் அமையும். ஆகவே ஒரு பள்ளிவாசலின் முகத்தில் எப்போது வெயில் விழும் என்பதை, அந்த ஊரிலிருந்து மக்கா எந்தத் திசையில் இருக்கிறது என்பதே முடிவு செய்துவிடுகிறது.

தக்கலையிலிருந்து பார்த்தால் மக்கா நேர் மேற்கிலிருந்து ஏறக்குறைய 24 டிகிரி வடக்கே தள்ளி இருக்கிறது. அப்படியானால் தலைவாசல் கிழக்கிலிருந்து அதே அளவு தெற்கே திரும்பியிருக்கும். மார்கழியில் சூரியன் உதிப்பதும் கிழக்கிலிருந்து ஏறக்குறைய 24 டிகிரி தெற்கே. கிப்லாவைச் சரியாகக் கணித்துக் கட்டிய பள்ளியாக இருந்தால், அந்த மாதத்தில் காலை வெயில் வாசல் வழியாக நேராக உள்ளே போகும். எதிரே மறைப்பு இல்லாவிட்டால் மிஹ்ராப் சுவரைத் தொடும். சுப்ஹு என்ற அதிகாலைத் தொழுகை முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு வரும் அந்த வெளிச்சத்தை நம் பக்கத்துப் பையன்கள் ஒருவர்கூட எடுத்து நான் பார்த்ததில்லை. எல்லாரும் பத்து மணிக்கு மேல்தான் போகிறார்கள். பழைய பள்ளிகள் சிலவற்றை நேர் மேற்காகவே கட்டியிருக்கிறார்கள். அதனால் கணக்கை மட்டும் நம்பாமல் வாசலில் நின்று ஒருமுறை திசைகாட்டியைப் பாருங்கள். போனில் இருப்பதே போதும்.

டில்லியில் 1656-இல் முடிந்த ஜாமா மசூதியும், லாகூரில் 1673-இல் முடிந்த பாத்ஷாஹி மசூதியும் கிழக்கு பார்த்தவை. அங்கேயும் காலைதான் நல்ல வேளை. 'பள்ளிவாசல் என்றால் காலையில் முன்பக்கம்' என்ற பழக்கம் இப்படித்தான் கையில் ஒட்டிக்கொள்கிறது. இந்தியத் துணைக்கண்டத்தைத் தாண்டியதும் அதே பழக்கம் ஆளைக் கவிழ்த்துவிடுகிறது.

குழித்துறைப் பையன் ஒருவன் விமானம் மாறும் இடைவெளியில் கிடைத்த ஒரே பகலை இஸ்தான்புல்லில் செலவிட்டான். டிசம்பர் மாதம். சினான் என்ற பெருங்கட்டடக் கலைஞர் கட்டி 1557-இல் முடித்த சுலைமானியே பள்ளிவாசலுக்குக் காலையிலேயே போய்விட்டான். முற்றத்து வாசலுக்கு முன்னால் நல்ல இடமாகப் பிடித்து, முகப்பில் வெயில் விழட்டும் என்று காத்திருந்தான். பத்து மணி ஆனது, பன்னிரண்டு ஆனது. வெயில் வரவே இல்லை. "அண்ணாச்சி, மேகம்கூட இல்லை. வானம் பளிச்சென்று இருந்தது. பள்ளி மட்டும் இருட்டாகவே நின்றது" என்று என்னிடம் சொன்னான்.

எப்படி வரும்? இஸ்தான்புல்லிலிருந்து மக்கா தென்கிழக்கில் இருக்கிறது. முற்றமும் தலைவாசலும் வடமேற்கு பார்த்தவை. குளிர்காலத்தில் அங்கே சூரியன் தென்கிழக்கில் எழுந்து, தெற்கே தாழ்வாக நகர்ந்து, தென்மேற்கில் இறங்கிவிடும். முகப்புக்கு அந்த மாதங்களில் நேர் வெயிலே கிடையாது. கோடையில் மட்டும், சூரியன் வடமேற்காகச் சாயும் மாலையில், கொஞ்சம் கிடைக்கும்.

அவன் வெளியே காத்திருந்த அதே முற்பகலில், உள்ளே கிப்லா சுவரின் வண்ணக் கண்ணாடிகளுக்குப் பின்னால் சூரியன் நேராக வந்து நின்றிருக்கும். என்னை எரிச்சல்படுத்துவது இதுதான். நல்ல படம் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. போய்ப் பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை. மாலையிலாவது கலாட்டா பாலத்துக்குப் போயிருக்கலாம். அங்கிருந்து பார்த்தால் டிசம்பரில் சூரியன் ஏறத்தாழ அந்தக் குவிமாடத்தின் பக்கமாகவே மறையும்; கோட்டோவியம் போல நிழலுருவம் கிடைக்கும். அவன் அந்த நேரத்தில் விமான நிலையத்தில் இருந்தான்.

அத்தோடும் விடவில்லை. ஊருக்கு வந்து கம்ப்யூட்டரில் நிழல் பகுதியை இழுத்து இழுத்து வெளுப்பாக்கினான். கல்லில் ஏற்ற இறக்கம் எதுவும் மிஞ்சவில்லை. பின்னால் கன்னியாகுமரியில் எடுத்த செவ்வானத்தை ஒட்டினான். வானத்தில் தீப்பிடித்த வெளிச்சம். கல்லில் அதன் சாயல்கூட இல்லை. இதை எனக்கு இருபதுக்கு முப்பதாகப் பிரிண்ட் போடச் சொன்னான். நான் போடவில்லை. ஒட்டாத படத்தைச் சிறிதாகப் போட்டுக் கொடுத்தேன்.

இதே கணக்கை வேறு ஊர்களுக்கும் போட்டுப் பாருங்கள். ஈரானின் இஸ்ஃபஹானில் பெரிய சதுக்கத்தின் தெற்கு முனையில் ஷா பள்ளிவாசல் இருக்கிறது. நுழைவு வளைவு சதுக்கத்தைப் பார்த்து வடக்கு நோக்கி நிற்கிறது, பெரும்பாலும் நிழல்தான். ஆனால் அங்கே கிப்லா தென்மேற்கு. அதனால் வளைவைத் தாண்டியதும் கட்டடம் ஏறக்குறைய 45 டிகிரி திரும்பிவிடுகிறது. உள்முற்றத்தில் கிப்லா பக்கத்துப் பெருவளைவு வடகிழக்கு பார்க்கிறது; அதற்குக் காலை வெயில் கிடைக்கும். அதே சதுக்கத்தின் கிழக்குப் பக்கத்தில் ஷேக் லுத்ஃபுல்லா பள்ளிவாசல். அதன் வாசல் மேற்கு பார்த்தது, ஆகவே பிற்பகல். ஒரே சதுக்கத்தில் இரண்டு பள்ளிகள், இரண்டு வேளைகள். ஷீராஸின் நஸீர் அல்-முல்க் பள்ளிவாசலில் கம்பளத்தின்மேல் வண்ணங்கள் சிந்திக் கிடக்கும் படத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அந்தக் கண்ணாடிக் கதவுகள் காலை வெயிலுக்கானவை. பிற்பகலில் போகிறவருக்கு அந்த வண்ணம் தரையில் விழாது.

விதிவிலக்குகளும் உண்டு. ஸ்பெயினின் கோர்டோபா பெரும் பள்ளிவாசல் மக்காவை விடத் தெற்கு நோக்கியே அதிகம் திரும்பியிருக்கிறது. இஸ்தான்புல்லின் ஹகியா சோபியா 537-இல் தேவாலயமாக எழுந்தது; அதன் அச்சு வேறு, கிப்லா வேறு. பின்னாளில் வைத்த மிஹ்ராப் அரைவட்ட மாடத்தின் நடுவிலிருந்து விலகி, ஒரு பக்கமாகத் திரும்பி நிற்கிறது. அங்கே சமச்சீராகப் படமெடுக்க முயன்று 'ஏதோ கோணலாகிவிட்டது' என்று தவிக்காதீர்கள். அந்தக் கோணலைத் தெரியும்படி எடுப்பதுதான் அந்தக் கட்டடத்துக்குச் செய்யும் நியாயம்.

கிளம்புவதற்கு முன் இரண்டே இரண்டு பாருங்கள்: அந்த ஊரின் கிப்லா திசை, நீங்கள் போகும் மாதத்தில் சூரியன் எழும், விழும் திசை. இரண்டும் போனில் கிடைக்கின்றன.

மினாராவைப் பார்த்துக் கேமராவை அண்ணாத்துவது

கேமராவை மேல்நோக்கிச் சாய்த்த அளவுக்கு மினாராக்கள் உள்நோக்கிச் சாயும். கேமராவை நிமிர்த்தியே வைக்க வேண்டும் என்றால் பின்னால் போக இடம் வேண்டும். எவ்வளவு என்று கணக்கிடலாம். முழு அளவு சென்சார் கேமராவில் 24 மி.மீ. லென்ஸை நெடுக்காகப் பிடித்தால், உச்சி படத்தில் விழ, மினாரா உயரத்தைப் போல ஒன்றேகால் மடங்குக்குச் சற்று அதிகமான தூரம் விலக வேண்டும். சினான் துருக்கியின் எடிர்னேயில் கட்டிய செலிமியே பள்ளிவாசலின் மினாராக்கள் 70 மீட்டர் உயரம். ஏறக்குறைய 90 மீட்டர் பின்னால் போகவேண்டும். மொராக்கோவின் காஸாபிளாங்காவில் உள்ள இரண்டாம் ஹஸன் பள்ளிவாசல் மினாரா 210 மீட்டர். கால் கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். படத்தின் கீழ்ப்பாதி வெறும் தரையாக இருக்கும், அதை வெட்டிவிடலாம்.

பாளையத்தில் அவ்வளவு இடம் கிடையாது. சாலைப் போக்குவரத்துக்கு நடுவில் நிற்காமல், எதிர்ப்பக்கக் கட்டடம் ஒன்றில் கேட்டுக்கொண்டு இரண்டாம் மாடிக்கு ஏறுங்கள். அங்கிருந்து பக்கத்துப் பிள்ளையார் கோயிலையும் தேவாலயத்தையும் சேர்த்து எடுக்க முடிகிறதா என்றும் பாருங்கள். அந்த இடத்தின் சிறப்பே மூன்றும் அருகருகே இருப்பதுதான். ஒன்றை மட்டும் வெட்டி எடுத்து வருகிறார்கள்.

குவிமாடம் இல்லாததைப் பள்ளிவாசல் என்றே எண்ணாதது

கோழிக்கோடு குற்றிச்சிறைக்குப் போய் மிஷ்கால் பள்ளியின் வாசலிலேயே நின்றுகொண்டு, 'பள்ளி எங்கே' என்று கேட்ட பையனை எனக்குத் தெரியும். குவிமாடமும் மினாராவும் தேடியிருக்கிறான். அரபு நாட்டு வணிகர் ஒருவர் 14-ஆம் நூற்றாண்டில் கட்டியது அது. அடுக்கடுக்காக ஏறும் சரிவுக் கூரை, மரச் சட்டங்கள், செதுக்கிய தூண்கள். மழை கொட்டும் நாட்டில் கேரளத் தச்சர்கள் தங்களுக்குத் தெரிந்த முறையில் தொழுமிடம் கட்டியிருக்கிறார்கள். 1510-இல் போர்ச்சுகீசியர் வைத்த தீயில் கருகிய மரம் மேல்தளத்தில் இன்னும் இருக்கிறது. அந்தக் கருகலை அனுமதி கேட்டு நெருக்கத்தில் எடுங்கள். முழுக் கட்டடத்தைப் பக்கத்துக் குளக்கரையிலிருந்து எடுங்கள்.

கோட்டயம் தாழத்தங்காடிப் பள்ளியின் மரவேலைப்பாடும் இப்படித்தான், தொலைவிலிருந்து எடுத்தால் ஒன்றும் தெரியாது. தமிழ்க் கரையில் கீழக்கரை, காயல்பட்டினம் போனால் கல்தூண் மண்டபங்கள். தாமரை இருக்கும், கொடி இருக்கும், உருவம் மட்டும் இருக்காது. கொடுங்கல்லூர் சேரமான் பள்ளியில், பிற்காலத்தில் சேர்த்த கான்கிரீட் பகுதிகளை அகற்றிப் பழைய தோற்றத்துக்கு மீட்டிருக்கிறார்கள். எல்லா ஊரிலும் அந்த நல்ல புத்தி வருவதில்லை. ஓட்டுக் கூரையை இடித்துக் குவிமாடம் எழுப்பும் வேலை நம் மாவட்டத்திலும் நடக்கிறது. உங்கள் தெருவில் ஓட்டுக் கூரைப் பள்ளி இருந்தால் துருக்கிக்குப் போகும் முன் அதை எடுத்துவிடுங்கள்.

உள்ளே இருக்கும் விளக்குகளைக் கவனிக்காதது

ஜன்னலில் பகல் வெளிச்சம், கூரையில் டியூப்லைட், மிஹ்ராபைச் சுற்றிப் பச்சை எல்இடி. மூன்றும் மூன்று நிறம். கேமராவில் நிறத்தைச் சரிசெய்யும் எந்த வெள்ளைச் சமநிலையும் (white balance) மூன்றையும் ஒருசேரத் திருத்தாது. பாங்கு சொல்லும் மோதினாரிடம் கேளுங்கள். தொழுகை இல்லாத வேளையில் விளக்கையும் மின்விசிறியையும் இரண்டு நிமிடம் அணைத்துத் தருவார்கள். நான் கேட்டு மறுத்தவர் அபூர்வம்.

மிஹ்ராப் சுவரில் தொழுகை நேரம் காட்டும் சிவப்பு எண் பலகை இல்லாத பள்ளி இப்போது இல்லை. 1/500 வேகத்தில் எடுத்தால் அதில் பாதி எண் காணாமல் போகும்: 8 என்பது 3 ஆகும், அஸர் நேரம் எதுவோ ஆகும். 1/50-க்கு இறக்குங்கள். டியூப்லைட் வரி விழுவதும் அதே வேகத்தில் நின்றுவிடும்.

முக்காலி

கால்களுக்கு உறை போட்டு வையுங்கள். நெற்றி படும் கம்பளம் அது.

தொழுகை நேரம்

பாங்கு சொன்னதும் கேமராவைப் பைக்குள் வையுங்கள். தொழுகிறவருக்கு முன்னால் நடக்காதீர்கள்.

ஃபிளாஷ்

வேண்டாம். தக்கலை தர்கா விழா இரவிலும் வேண்டாம்.

ட்ரோன்

திருவனந்தபுரம் பீமாபள்ளிக்குப் பக்கத்தில் விமான நிலையம். கேட்கவே கேட்காதீர்கள்.

எடுத்த படத்தைக் கொடுக்காமல் இருப்பது

மோதினார் விளக்கை அணைத்துத் தந்தார், ஜமாஅத் தலைவர் மாடிக் கதவைத் திறந்துவிட்டார். படம் இன்ஸ்டாகிராமுக்குப் போகிறது, அவர்களுக்கு வருவதில்லை. அடுத்து வரும் பையனுக்குக் கதவு திறக்காததற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டு பிரிண்ட் போட்டுக் கொடுங்கள்: ஒன்று முழுக் கட்டடம், ஒன்று கூரை மரவேலையின் நெருக்கப் படம். பின்புறம் தேதியையும், எந்தத் திசையிலிருந்து எடுத்தது என்பதையும் எழுதுங்கள். நாளைக்கு ஓடு மாற்றும்போது ஆசாரிக்கு அந்த இரண்டாவது படம்தான் உதவும்.