சாட்டுச் சொல்ல முன் ஒரு கேள்வி

யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா 25 நாள். கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளை ஒவ்வொரு வருசமும் மறிப்பார்கள், ஊருக்கே தெரிந்த விசயம். இருந்தும் அந்த நாட்களில் வேலைக்குப் பிந்தி வருகிறவர் சொல்லும் முதல் சாட்டு, "ரோட்டை மறிச்சுப் போட்டாங்கள்."

அடுத்த முறை சாட்டு வாய்க்கு வரும்போது உங்களையே கேட்டுப் பாருங்கள்: இது எனக்கு நேற்றே தெரியுமா? தெரியும் என்றால் பிழை நம்முடையது. ஐப்பசி, கார்த்திகை மழையும் அப்படித்தான். வழியில் திடீரென்று டயர் வெடித்தால் அது வேறு கதை, அதை ஒரு வரியில் சொல்லலாம்.

சரி, பிழையை எப்படிச் சொல்வது? நீங்கள் தையல் வேலை செய்கிறவர், சொன்ன நாளுக்குச் சட்டை தைத்து முடியவில்லை என்று வையுங்கள். "கரண்ட் இல்லை, பெடியனும் வரேல்லை, நூலும் முடிஞ்சுது" என்று அடுக்கினால், வாசலில் நிற்கிற அக்காவுக்குச் சட்டை எப்போது கிடைக்கும் என்பதே தெரியாது. "அக்கா, பிழை என்னிலைதான். கை மட்டும் வைக்கக் கிடக்கு. நாளைக்கு நாலு மணிக்கு நானே வீட்டை கொண்டுவந்து தாறன்" என்று சொல்லிப் பாருங்கள். கோபத்தோடு வந்தவர்கூட "சரி, நாளைக்குத் தாரும்" என்று போய்விடுவார்.

"மன்னிச்சுக் கொள்ளுங்கோ, ஆனால்..." என்று மட்டும் தொடங்க வேண்டாம். அந்த "ஆனால்" வந்தால் முன்னால் சொன்ன மன்னிப்பு வீண். நாலு மணி சரிவராது என்று பட்டால் முதலிலேயே ஆறு என்று சொல்லுங்கள். அதுவும் பிந்தும்போல இருந்தால், அவர் தேடி வருமுன் நீங்களே போன் எடுத்துச் சொல்லிவிடுங்கள்.