குழந்தைக்குக் காய்ச்சல்: ஒரே பெயரில் மூன்று புட்டிகள்

போன வாரம் நைட் டியூட்டியில் இருந்தபோது ஓர் இளம் தம்பதி பத்து மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உடம்பு 103 டிகிரி. “ரெண்டு நாளா நாலு நேரமும் மருந்து குடுத்துட்டுதான் இருக்கோம் சிஸ்டர், காய்ச்சல் விடவே மாட்டேங்குது” என்று அந்தப் பெண் அழுதாள். மருந்துச் சீட்டையும் புட்டியையும் வாங்கிப் பார்த்தேன். சீட்டில் இருந்தது பாராசிட்டமால் டிராப்ஸ், 1.2 மில்லி. பையில் இருந்தது சிரப். அதே 1.2 மில்லியைத்தான் சிரப்பிலும் அளந்து கொடுத்திருக்கிறார்கள்.

பதினேழு வருடத்துக்கு முன்னால் என் வீட்டில் நடந்ததும் இதேதான். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மருந்தைக் குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள், காலாவதித் தேதியைப் பாருங்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிட்டு, காய்ச்சலின்போது வீடுகளில் அடிக்கடி நடக்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

டிராப்ஸையும் சிரப்பையும் ஒன்றாக நினைப்பது

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பெரியவர்களுக்கான அறுவை சிகிச்சை வார்டில் இருந்தேன். என் மகளுக்குப் பதினோரு மாதம். டாக்டர் எழுதிய டிராப்ஸ் புட்டி இரவில் கை தட்டிக் கொட்டிவிட்டது. என் கணவர் திறந்திருந்த ஒரு மெடிக்கலில் போய் அதே பெயரைச் சொல்லி வாங்கி வந்தார். அதே பெயர், அதே நிற அட்டை, அதே பழ வாசனை. நான் டியூட்டிக்குப் போய்விட்டேன். பழைய டிராப்பரால் அதே ஒரு மில்லியை அம்மா வேளை தவறாமல் கொடுத்தார். இரண்டு நாள் காய்ச்சல் இறங்கவில்லை. இந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு செய்து வேறு டாக்டரிடம் போனோம். குழந்தைக்கு ஊசி போட்டார்கள், ரத்தம் எடுத்தார்கள். மூன்றாம் நாள்தான் ஒரு டாக்டர், “என்ன மருந்து கொடுக்கிறீர்கள், புட்டியைக் காட்டுங்கள்” என்று கேட்டார். கொடுக்க வேண்டியதில் கால் பங்குகூட என் மகளுக்குப் போய்ச் சேரவில்லை.

விஷயம் இதுதான். குழந்தைகளுக்கான பாராசிட்டமால் நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் மூன்று செறிவுகளில் கிடைக்கிறது. டிராப்ஸில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் மருந்து இருக்கும். சாதாரண சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 125 மில்லிகிராம். ‘டிஎஸ்’ என்றோ 250 என்றோ போட்டிருக்கும் சிரப்பில் 5 மில்லிக்கு 250. மில்லி என்பது தண்ணீரின் அளவு, மில்லிகிராம் என்பது அதற்குள் இருக்கும் மருந்தின் அளவு. டிராப்ஸ் கைக்குழந்தைக்கு என்பதால் வீரியம் குறைவாக இருக்கும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். மூன்றில் வீரியம் அதிகமானது டிராப்ஸ்தான். சின்னக் குழந்தை நிறையக் குடிக்காது, துப்பிவிடும், அதனால் கொஞ்சம் தண்ணீரில் அதிக மருந்தைச் சேர்த்திருக்கிறார்கள்.

அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது. ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். பத்து கிலோ குழந்தைக்கு 15 என்று கணக்கிட்டால் 150 மில்லிகிராம். டிராப்ஸ் என்றால் அது 1.5 மில்லி. 125 சிரப் என்றால் 6 மில்லி. 250 சிரப் என்றால் 3 மில்லி. ஒரே குழந்தை, ஒரே வேளை, ஆனால் புட்டிக்குப் புட்டி எவ்வளவு மாறுகிறது பாருங்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை கொடுத்தால் போதும். அதற்குள் காய்ச்சல் ஏறிக் குழந்தை துவண்டால் மறுபடி கொடுக்கலாம், ஆனால் முந்தைய வேளைக்குப் பிறகு நான்கு மணி நேரமாவது போயிருக்க வேண்டும். 24 மணி நேரத்தில் நான்கு முறைக்கு மேல் கூடாது.

என் வீட்டில் அளவு குறைந்தது. காய்ச்சல் நீண்டது, காசு போனது, அதோடு போயிற்று. அளவு கூடினால் என்ன ஆகும் என்பதைச் சில வருடங்களுக்கு முன் ஒரு மழைக்காலத்தில் பார்த்தேன். ஒன்றரை வயதுப் பையன், பத்து கிலோ. அப்பா அம்மா இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், பாட்டிதான் பார்த்துக்கொண்டார். “அஞ்சு மில்லி குடுங்க அத்தை” என்று மருமகள் சொல்லிவிட்டுப் போனது சிரப்பை மனதில் வைத்து. வீட்டில் திறந்திருந்தது டிராப்ஸ் புட்டி. ஐந்து மில்லி டிராப்ஸ் என்றால் 500 மில்லிகிராம், ஒரு பெரிய ஆள் விழுங்கும் முழு மாத்திரை. நாளைக்கு நான்கு முறை, இரண்டு நாள். டிராப்பரில் அவ்வளவு பிடிக்காது என்பதால் பாட்டி பழைய இருமல் மருந்தின் மூடியில் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். மூன்றாம் நாள் பையனுக்கு வாந்தி நிற்கவில்லை. ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் பாதிக்கப்பட்டிருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, விஷமுறிவு மருந்தை டிரிப்ஸில் ஏற்றினார்கள். பையன் பிழைத்துவிட்டான். பாட்டி வார்டு வாசலில் உட்கார்ந்திருந்த நிலையை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. அவர் மேல் ஒரு தவறும் இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்தார்.

பாராசிட்டமால் அதிகமானால் முதல் நாளில் பெரிதாக ஒன்றும் தெரியாது. குழந்தை விளையாடக்கூடச் செய்யும். கல்லீரல் கெடுவது இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வெளியே வரும். அதன் முறிவு மருந்தான அசிட்டைல்சிஸ்டீன் எட்டு மணி நேரத்துக்குள் கிடைத்தால் நன்றாக வேலை செய்யும். எனவே அளவு கூடிவிட்டது என்று தெரிந்த நிமிடமே கிளம்ப வேண்டும். வாந்தி வருகிறதா பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது.

எனக்குக் கோபம் வருவது பெற்றோர் மேல் இல்லை. சீட்டில் “ஒரு மூடி”, “5 மில்லி” என்று மட்டும் எழுதுகிறோமே, அதன் மேல்தான். எத்தனை மில்லிகிராம் என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்? கடையில் டிராப்ஸ் இல்லை என்றால், “அதேதான்மா, சிரப்பு” என்று எடுத்துக் கொடுக்கிறார்கள். அதே மருந்துதான், அதே அளவு இல்லை. அந்த ஒரு வாக்கியத்தைக் கவுண்டரில் நின்று சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

இதே தவறு வேறு வடிவங்களிலும் வருகிறது. வீட்டு ஸ்பூன்களில் ஒன்றுக்கு மூன்று மில்லி பிடிக்கும், இன்னொன்றுக்கு ஏழு பிடிக்கும். ஊசி இல்லாத சிரிஞ்ச் மெடிக்கலில் கிடைக்கும், அதில் அளந்து கன்னத்தின் உட்புறமாக மெதுவாக விடுங்கள். போன வருடம் எழுதிக் கொடுத்த அளவையே இந்த வருடமும் கொடுப்பார்கள், குழந்தை மூன்று கிலோ ஏறியிருக்கும். சளிக்கென்று வாங்கும் சில சிரப்புகளுக்குள்ளும் பாராசிட்டமால் இருக்கிறது. அதையும் கொடுத்து இதையும் கொடுத்தால் இரண்டு பங்கு. காய்ச்சலுக்கு ஆசனவாயில் வைக்கும் மருந்தும் பெரும்பாலும் பாராசிட்டமால்தான், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

என் மகளுக்கு அப்படி நடந்த நாள் முதல் என் வீட்டில் ஒரு வகைப் புட்டிதான் இருக்கும். அதன் மேல் பிளாஸ்திரி ஒட்டி, குழந்தையின் எடை, எத்தனை மில்லி, கடைசியாகக் கொடுத்த நேரம் மூன்றையும் பேனாவால் எழுதிவிடுவேன். டிஸ்சார்ஜ் ஆகிறவர்களுக்கும் நானே ஒட்டி அனுப்புகிறேன்.

போர்த்தி மூடுவது

ஸ்வெட்டர், குல்லா, மேலே இரண்டு போர்வை, மின்விசிறி நிறுத்தம், ஜன்னல் அடைப்பு. மே மாதத்தில்கூட இப்படி வருகிறார்கள். உடம்பின் சூடு தோல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். நடுங்கும்போது மட்டும் ஒரு மெல்லிய துணியைப் போர்த்தலாம், நடுக்கம் நின்றதும் எடுத்துவிடுங்கள். சாதாரண பருத்திச் சட்டை போதும். மின்விசிறி ஓடட்டும்.

ஐஸ் தண்ணீர், கொலோன், ஸ்பிரிட்

வேண்டாம். குளிர்ந்தால் நடுக்கம் வரும், நடுங்கினால் சூடு இன்னும் ஏறும். துடைப்பதென்றால் மருந்து கொடுத்த பிறகு, வெதுவெதுப்பான நீரில்.

தெர்மாமீட்டர் எண்ணைத் துரத்துவது

பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அளந்து, 101 வந்தால் நிம்மதி, 102 வந்தால் அழுகை என்று இருக்கும் பெற்றோரைத் தினமும் பார்க்கிறேன். மருந்து கொடுத்த பிறகு 103 என்பது 101 ஆவதே நல்ல வேலைதான். 98.4-க்கு வந்தே ஆக வேண்டும் என்று மருந்துக்கு மேல் மருந்து கொடுக்க வேண்டாம். தூங்குகிற குழந்தையை எழுப்பி மருந்து கொடுக்க வேண்டியதும் இல்லை. 103 இருந்தாலும் முகம் பார்த்துச் சிரித்து, பால் குடித்து, ஒன்றுக்குப் போகிற குழந்தையைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. 100 டிகிரிதான், ஆனால் கண் திறக்காமல், எதையும் குடிக்காமல், மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கிறது என்றால் அந்தக் குழந்தையைத்தான் நான் முதலில் உள்ளே அழைத்துப் போவேன்.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தை

100.4 தொட்டால் நேராக ஆஸ்பத்திரி. வீட்டில் மருந்து கொடுத்துப் பார்க்காதீர்கள்.

வலிப்பு வந்தால் கையில் சாவி

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்குக் காய்ச்சலோடு வலிப்பு வரலாம். பார்ப்பதற்கு உயிரே போய்விடும் போல இருக்கும். பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் தானாக நின்றுவிடும், மூளைக்குப் பாதிப்பு வருவதில்லை. இரும்புச் சாவியைக் கையில் திணிப்பதாலோ வெங்காயத்தை மூக்கில் வைப்பதாலோ அது நிற்பதில்லை. நாங்கள் பயப்படுவது வாய்க்குள் போவதைப் பார்த்துத்தான். பல்லுக்கிடையில் ஸ்பூனைத் திணித்துப் பல் உடைந்து வந்த குழந்தையைப் பார்த்திருக்கிறேன். தண்ணீரோ மருந்தோ ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போகும். தரையில் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108. நின்றுவிட்டாலும், முதல் முறை என்றால் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

போன தடவை மிச்சமான ஆன்டிபயாடிக்

கொட்டிவிடுங்கள். தண்ணீர் கலந்த சிரப் சில நாட்களே தாங்கும். குழந்தைகளுக்கு வரும் பெரும்பாலான காய்ச்சல்கள் வைரஸால் வருபவை. அதற்கு ஆன்டிபயாடிக் வேலையே செய்யாது.

பெரியவர்களின் வலி மாத்திரை

ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது. நிமிசுலைடு 12 வயதுக்குக் கீழே 2011-லேயே தடை செய்யப்பட்டது. பழைய புட்டி வீட்டில் கிடந்தால் எறிந்துவிடுங்கள். ஐபுபுரூஃபன், மெஃபனமிக் அமிலம் கலந்த சிரப்புகள் காய்ச்சலைச் சட்டென்று இறக்கும் என்பதால் பக்கத்து வீட்டில் சொல்லி வாங்குகிறார்கள். டெங்கு இருக்கலாம் என்ற நிலையில் அவை ரத்தக் கசிவை அதிகமாக்கும். டாக்டர் பார்த்து எழுதாமல் அவற்றைத் தொட வேண்டாம்.

காய்ச்சல் விட்டதும் வீட்டுக்குக் கிளம்புவது

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் எங்கள் வார்டில் இது நடக்காத வாரம் இல்லை. மூன்று நாள் காய்ச்சல், நான்காம் நாள் உடம்பு சில்லென்று ஆகிவிடும். “விட்டுருச்சு சிஸ்டர், நாங்க கெளம்புறோம்” என்று பையைக் கட்டுவார்கள். டெங்குவில் ஆபத்து தொடங்குவதே காய்ச்சல் இறங்கும் அந்த நேரத்தில்தான். பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவில் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிய ஆரம்பிக்கும், ரத்த அழுத்தம் விழும். போன வருடம் ஓர் அம்மா, நாங்கள் எவ்வளவு சொல்லியும் கேட்காமல் நான்கு வயது மகளைக் கூட்டிக்கொண்டு போனார். மறுநாள் விடிகாலையில் திரும்பி வந்தபோது அந்தக் குழந்தையின் பாதம் ஐஸ் மாதிரி இருந்தது. நாடி கிடைக்கவில்லை. டிரிப்ஸ் ஏற்றி, ஐசியுவில் இரண்டு நாள் வைத்திருந்து மீட்டோம்.

காய்ச்சல் இறங்கிய பிறகு இரண்டு நாள் இன்னும் கூர்மையாகப் பாருங்கள். தொடர்ந்து வாந்தி, வயிற்று வலி, பல் ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பாக மலம், எழுப்பினால் எழாத சோர்வு, சில்லிட்ட கை கால், ஆறு மணி நேரமாக ஒன்றுக்குப் போகாமல் இருப்பது. இதில் ஒன்று இருந்தாலும் இரவு இரண்டு மணியானாலும் கிளம்புங்கள். வரும்போது வீட்டில் கொடுத்த எல்லா மருந்துப் புட்டிகளையும் பையில் போட்டுக் கொண்டு வாருங்கள்.