புது ஸ்டாக் போட்ட ஷாட்கன்: முதல் சில வாரங்களில் செய்யக்கூடாதவை

ரைஃபிளில் பின்னால் ஒரு குறி, முன்னால் ஒரு குறி என்று இரண்டு இருக்கும். ஷாட்கனில் குழல் முனையில் ஒரு சின்ன மணி மட்டும்தான். பின் குறி இருக்க வேண்டிய இடத்தில் இருப்பது சுடுபவரின் கண். அந்தக் கண் குழலுக்கு மேலே எவ்வளவு உயரத்தில், எந்தப் பக்கம் தள்ளி நிற்கிறது என்பதை முடிவு செய்வது ஸ்டாக், அதாவது தோளிலும் கன்னத்திலும் பதிகிற மரக்கட்டை. களிமண் தட்டு சுடுவதில், அதாவது இயந்திரம் காற்றில் வீசும் தட்டைச் சுடும் விளையாட்டில், கொஞ்ச காலம் ஊறியவர்கள் ஒரு கட்டத்தில் ஸ்டாக் ஃபிட்டரைத் தேடிப் போவது இதனால்தான். டிரிக்கரிலிருந்து கட்டையின் பின்முனை வரை உள்ள நீளம், கன்னம் படுகிற மேல்விளிம்பின் உயரம், பக்கவாட்டுச் சாய்வு, பின்முனையின் கோணம் என்று நான்கையும் அவர் பார்ப்பார். பிறகு மரத்தைச் சூடேற்றி வளைப்பார், சீவுவார், இல்லாவிட்டால் புதுக் கட்டையே செய்து தருவார்.

சரி, வேலை முடிந்தது, பணமும் கொடுத்தாயிற்று. அடுத்த ஞாயிறு மைதானத்துக்குப் போனால் வழக்கமாக 25-க்கு 20 அடிக்கிறவர் 15-ல் நிற்கிறார். உடனே ஃபிட்டர் மேல் சந்தேகம் வருகிறது. பெரும்பாலும் அந்தச் சந்தேகம் தப்பு. பழைய ஸ்டாக் பொருந்தாமல் இருந்த காலத்தில் உடம்பு தானாகவே சில சரிக்கட்டல்களைக் கற்றுவைத்திருக்கிறது. மேல்விளிம்பு தாழ்வாக இருந்தால் தலையைக் கொஞ்சம் தூக்கியிருப்பார். சாய்வு போதாமல் இருந்தால் கழுத்தை ஒடித்துக் கன்னத்தைக் கட்டைக்கு மேல் ஏற்றியிருப்பார். நீளம் அதிகமென்றால் கைகளை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் இழுத்திருப்பார். ஸ்டாக் மாறிவிட்டது, இந்தப் பழக்கங்கள் மாறவில்லை. ஹேண்டில்பார் கோணிய சைக்கிளை வருடக்கணக்கில் ஓட்டியவரிடம் அதை நேராக்கிக் கொடுத்தால், முதல் தெருமுனையிலேயே தடுமாறுவார் அல்லவா, அதே கதைதான்.

ஆகவே முதல் தவறு, முதல் சில சுற்றுகளின் ஸ்கோரை வைத்துத் தீர்ப்பு எழுதுவது. அந்தச் சுற்றுகளில் ஸ்கோர் கார்டே வேண்டாம் என்பேன். எளிதான தட்டுகளாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்: நேராக விலகிப் போகிறவை, மெதுவாக எதிரே வருகிறவை. குறுக்கே பறக்கும் தட்டில் தவறினால் முன்னோட்டம் (தட்டுக்குச் சற்று முன்னால் சுடுவது) கொடுத்ததில் பிழையா, ஸ்டாக்கில் பிழையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. நேராக விலகும் தட்டில் முன்னோட்டம் என்ற கணக்கே அனேகமாக இல்லை. அதனால் அங்கே தவறினால் காரணம் துப்பாக்கி தோளுக்கு வந்த விதத்திலோ ஸ்டாக்கிலோ இருக்கும்.

இரண்டாவது தவறு இதைவிடப் பொல்லாதது, ஏனென்றால் அக்கறையுள்ளவர்கள்தான் இதில் விழுகிறார்கள். புது ஸ்டாக் சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொரு சூட்டின்போதும் குழலைப் பார்ப்பது. துப்பாக்கி தோளுக்கு வருகிறது, தட்டு வெளியே பாய்கிறது, கண் ஒரு நொடி மணிக்கும் அதன் பின்னால் குழலின் மேல் நீளும் ரிப் என்ற பட்டைக்கும் இறங்கி 'நடுவில்தான் இருக்கிறேனா' என்று சோதித்துவிட்டுத் தட்டுக்குத் திரும்புகிறது. கண் தட்டை விட்ட அந்தக் கணத்தில் கையும் நின்றுவிடும். குழல் நின்றால் ஈயக் குண்டுகள் தட்டுக்குப் பின்னால்தான் போகும். சுட்டவரோ, ஸ்டாக்கைச் சாய்வாக வெட்டிவிட்டார்கள் என்று புலம்புவார். பக்கத்தில் நின்று பார்க்கிறவருக்குக் குழல் தயங்கி நிற்பது தெளிவாகத் தெரியும். பொருத்தமான ஸ்டாக் வாங்குவதே குழலை மறந்துவிட்டுத் தட்டை மட்டும் பார்ப்பதற்காகத்தான். ஆராய்ச்சிக்கு வேறு இடம் இருக்கிறது, ஒன்று வீடு, இன்னொன்று பேட்டர்ன் பிளேட்.

வீட்டில் செய்வதை முதலில் சொல்கிறேன். துப்பாக்கியை மடக்கித் திறந்து, தோட்டா போடும் இரண்டு துளைகளும் காலி என்று கண்ணால் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். தோட்டாக்கள் அந்த அறையிலேயே இருக்கக்கூடாது. குழல் யார் பக்கமும் திரும்பாதபடி நின்றுகொண்டு சுவரின் ஒரு மூலையைக் கண்ணால் பிடியுங்கள். கண்ணை மூடி, துப்பாக்கியை மெதுவாக உயர்த்தி, கன்னமும் தோளும் நிலைகொண்ட பிறகு கண்ணைத் திறங்கள். ரிப் நேராக, உங்கள் ஃபிட்டர் காட்டிய அளவு தெரிய வேண்டும். குழலின் பின்பாகமும் துப்பாக்கியைத் திறக்கும் லிவரும் மட்டும் தெரிந்தால் தலை அதிகமாக அழுந்துகிறது. ரிப்பின் மேல்பரப்பு சாலை மாதிரி நீளமாகத் தெரிந்தால் கன்னம் கட்டையை விட்டு விலகி இருக்கிறது. திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வருகிறதா என்பதுதான் கேள்வி. தினம் ஐந்து நிமிடம் போதும். கை சோர்ந்த பிறகும் தொடர்ந்தால் தவறான அசைவுதான் பழகும்.

இந்தப் பயிற்சியில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பலர் துப்பாக்கியை முதலில் தோளில் நட்டுவிட்டு, பிறகு முகத்தைக் குனிந்து கட்டைக்குக் கொண்டுபோகிறார்கள். பழைய, பொருந்தாத ஸ்டாக்கில் அது தேவைப்பட்டிருக்கும். உங்கள் முகத்துக்கு அளந்து செய்த கட்டையில் அதைச் செய்தால் கன்னம் வேண்டியதைவிட ஆழமாக அழுந்தி, சூடு கீழே போகும். முன்கை குழலைத் தட்டின் பக்கம் நீட்ட, பின்கை கட்டையைக் கன்னத்துக்குத் தூக்க, கடைசியாகத் தோள் கொஞ்சம் முன்னால் வந்து சந்திக்க வேண்டும். தலை இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

எந்தப் பிரிவில் சுடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து இதன் முக்கியத்துவம் மாறும். தட்டுகள் சுடுபவரை விட்டு விலகிப் பறக்கும் டிராப் பிரிவில் துப்பாக்கியைத் தோளில் வைத்து, கன்னத்தைப் பதித்து, எல்லாம் சரிபார்த்த பிறகு தட்டை வீசச் சொல்லிக் கேட்கலாம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் சுட்டது இந்தப் பிரிவில்தான். இரு பக்கமிருந்தும் தட்டுகள் குறுக்கே பறக்கும் ஒலிம்பிக் ஸ்கீட்டில் அந்தச் சலுகை இல்லை. தட்டு கண்ணில் படும்வரை கட்டையின் பின்முனை, உடையில் முழங்கை மட்டத்தில் ஒட்டிய பட்டைக்கு அருகே கீழே இருக்க வேண்டும். அதுவும் கேட்டவுடன் தட்டு வராது, பூஜ்யம் முதல் மூன்று நொடிக்குள் எப்போது வேண்டுமானாலும் வரும். ஆக டிராப் சுடுகிறவருக்குப் புது ஸ்டாக் ஓரிரு வாரத்தில் பழகிப்போகலாம், ஸ்கீட் சுடுகிறவருக்குக் கூடுதல் நாள் பிடிக்கும். டிராப் நண்பரோடு ஒப்பிட்டு மனம் தளர்வதில் பயனில்லை.

அப்புறம் பேட்டர்ன் பிளேட். சுண்ணாம்போ கிரீஸோ பூசிய ஒரு பெரிய இரும்புத் தகடு, நடுவில் ஒரு புள்ளி. மைதான விதிப்படி அனுமதித்த தோட்டாவோடும் பாதுகாப்புக் கண்ணாடியோடும் 16 கஜத்திலிருந்து சுடுவார்கள். இந்தத் தூரத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. கண்ணிலிருந்து குழல் முனை வரை சுமார் ஒரு கஜம். எனவே 16 கஜத்தில் சூட்டின் நடு 1 அங்குலம் விலகியிருந்தால் ஸ்டாக்கில் 1/16 அங்குலம் திருத்தம் வேண்டும். மேல்விளிம்பை உயர்த்தினால் சூடு உயரும். வலக்கைக்காரருக்குப் பக்கச் சாய்வு போதாவிட்டால் சூடு இடது பக்கம் போகும், அதிகமானால் வலது பக்கம். இங்கே நடக்கும் தவறு, ரைஃபிள் மாதிரி நிதானமாகக் குறிபார்த்துச் சுடுவது. அப்படிச் சுட்டால் கண்ணும் கழுத்தும் ஸ்டாக்கின் பிழையை மறைத்துவிடும். புள்ளியை மட்டும் பார்த்து, துப்பாக்கியை உயர்த்தியவுடன் தயங்காமல் சுட வேண்டும். ஒரே சூட்டை வைத்து முடிவெடுக்கவும் கூடாது. ஐந்தாறு முறை சுட்டு எல்லாவற்றின் நடுவையும் எடுங்கள். அவை நான்கு திசையிலும் சிதறியிருந்தால் ஸ்டாக்கைத் தொடவே வேண்டாம், துப்பாக்கி தோளுக்கு வருவதுதான் இன்னும் ஒரு சீராகவில்லை. எல்லாம் ஒரே இடத்தில் குவிந்து, அந்த இடம் தள்ளியிருந்தால்தான் ஃபிட்டருக்கு வேலை.

சூடு புள்ளிக்குக் கொஞ்சம் மேலே இருப்பதைப் பார்த்துப் பதறுகிறவர்களும் உண்டு. டிராப் துப்பாக்கி வேண்டுமென்றே உயரமாகச் சுடும்படி அமைக்கப்படுகிறது, ஏனென்றால் தட்டு எழும்பிக்கொண்டே போகிறது. தட்டைக் குழலால் மறைக்காமல், அதன் அடியில் வைத்தே சுட அது உதவும். அது பிழை இல்லை.

திருகி உயர்த்தித் தாழ்த்தக்கூடிய மேல்விளிம்பு உள்ள ஸ்டாக் வாங்கியவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. ஆலன் சாவி பையிலேயே இருப்பது பெரிய சோதனை. இரண்டு தட்டு தவறியதும் ஒரு வாஷர் ஏற்றுவார்கள், அடுத்த ஸ்டாண்டில், அதாவது அடுத்துச் சுடும் இடத்தில், இறக்குவார்கள். 1/8 அங்குலம், அதாவது மூன்று மில்லிமீட்டர் மாற்றம், 40 கஜத்தில் சுமார் 5 அங்குலமாக விரியும். தட்டின் விட்டமே 110 மில்லிமீட்டர், அதாவது சுமார் 4.3 அங்குலம்தான். மாலைக்குள் எந்த அமைப்பில் தொடங்கினோம் என்பதே மறந்துபோகும். ஃபிட்டர் கொடுத்த அளவுகளை ஒரு தாளில் எழுதி, மேல்விளிம்பின் ஓரத்தில் பென்சில் கோடு போட்டுவிட்டு, சாவியை வீட்டில் வைத்துவிட்டுப் போவது நல்லது.

ஒரே நேரத்தில் பலவற்றை மாற்றுவதும் இதே வகைத் தொல்லை. புது ஸ்டாக்கோடு புது சோக் (குழல் முனையைக் குறுக்கும் துண்டு), வேறு கம்பெனித் தோட்டா, சுடும்போது போடும் புது வெஸ்ட் என்று போனால் எது எதைக் கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. வெஸ்ட் சாதாரண விஷயம் இல்லை. இங்கிலாந்தில் ஜனவரியில் கம்பளி ஜம்பரும் ஜாக்கெட்டும் போட்டுச் சுடுகிறவர் ஜூலையில் டி-ஷர்ட்டோடு நிற்கிறார். தோளில் துணியின் தடிமன் குறைந்தால் கட்டை குட்டையானது போலத்தான். அளவு எடுக்கப் போகும்போது எந்த உடையில் அதிகம் சுடுகிறீர்களோ அதையே போட்டுப் போங்கள். 'ஒருமுறை ஒத்துப் பார்க்கலாமே' என்று பழைய துப்பாக்கியை எடுப்பதும் வேண்டாம். பழைய பழக்கங்கள் அதில்தான் உயிரோடு இருக்கின்றன.

வலி வந்தால் பொறுத்துக்கொள்ளச் சொல்பவர்களை நம்பாதீர்கள். சிராய்ப்பு எங்கே விழுகிறது என்பது ஃபிட்டருக்குப் பெரிய தகவல். தோளின் குழியில் லேசாகச் சிவந்தால் பிரச்சினை இல்லை. மேற்கையில், தோள்மூட்டுக்கு வெளியே நீலம் பாய்ந்தால் கட்டை நீளமாக இருக்கலாம், அல்லது கையில் கொண்டுபோய் வைக்கிறீர்கள். நெஞ்சுப் பக்கம் கட்டையின் கீழ்மூலை குத்தினால் பின்முனையின் கோணம் சரியில்லை. கன்னத்து எலும்பில் அடி விழுந்தால் மேல்விளிம்பு, பக்கச் சாய்வு, கோணம் மூன்றில் ஒன்று. டிரிக்கர் கார்டு நடுவிரலைத் தட்டினால் நீளம் குறைவாகவோ பிடி தளர்வாகவோ இருக்கும். வலியோடு தொடர்ந்து சுட்டால் உடம்பு சூட்டுக்கு முன்பே சுருங்க ஆரம்பிக்கும். அந்தப் பழக்கத்தை விரட்டுவது ஸ்டாக் மாற்றுவதைவிடக் கடினம்.

கடைசியாக மரத்தைப் பற்றி. சூடேற்றி வளைத்த கட்டை சில வாரங்களில் கொஞ்சம் பழைய நிலைக்குத் திரும்ப முயலும். புதுக் கட்டையோ முதல் சில நூறு சூடுகளில் இரும்புப் பாகத்தோடு அழுந்தி அமரும், அப்போது உள்ளிருக்கும் ஸ்டாக் போல்ட் தளரலாம். தளர்ந்ததைக் கவனிக்காமல் சுட்டால் பிடிப்பகுதியின் மெல்லிய மரம் விரிசல் விடும். துப்பாக்கியை மூடி, கட்டையை லேசாக அசைத்துப் பாருங்கள், இரும்பும் மரமும் சேரும் கோட்டில் அசைவு தெரிந்தால் சுடுவதை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஒன்றரை இரண்டு மாதத்தில் ஃபிட்டரிடம் மறுபடி போகும்போது துப்பாக்கி, சுடும்போது போடும் வெஸ்ட், பேட்டர்ன் பிளேட்டை எடுத்த ஃபோன் படங்கள், அளவு எழுதிய தாள் நான்கையும் கொண்டுபோங்கள். எத்தனை தட்டு தவறியது என்று அவர் கேட்கமாட்டார், எந்தப் பக்கம் தவறியது என்றுதான் கேட்பார்.