பழைய பாட்டு இரவுக்கு என்ன போடுவது? பெட்டியிலும் பண்டல் கடையிலும் தேடுபவர்களுக்கு

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் பழைய பாட்டு இரவு என்று ஒரு போஸ்டர் வந்துவிட்டால், அந்த வாரம் முழுக்க இளசுகள் கேட்பது ஒரே கேள்விதான்: என்ன போடுவது? உடனே ஜிகினா சட்டை, விக், ஒட்டு மீசை என்று ஆன்லைனில் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். அது வேண்டாம். அது மாறுவேடப் போட்டிக்குச் சரி. நான் சொல்வது ஒரு மனிதர் சம்பள நாளில் காசு சேர்த்துத் தைத்து, உண்மையாகவே உடுத்தித் திரிந்த உடுப்பு. அது நம் தோட்டத்து வீடுகளில் இரும்புப் பெட்டிக்குள் இன்னும் இருக்கிறது.

போன முறை டேவான் (மண்டபம்) வாசலில் ஒரு பெண்ணைப் பார்த்தேன். அம்மாவுடைய நைலக்ஸ் சேலை, ஆரஞ்சு நிறத்தில் கையகலப் பூக்கள். ரவிக்கை மட்டும் புதிதாகத் தைத்த கறுப்புப் பருத்தி, முழங்கை வரை கை. நகை ஒன்றும் இல்லை, ஆண்கள் கட்டும் சாவி கொடுக்கிற கடிகாரம் ஒன்றுதான், அதன் தோல் வாரில் அவள் மணிக்கட்டுக்கு ஏற்றாற்போல் புதிதாக ஒரு துளை. அவ்வளவுதான். அன்றைக்கு அங்கே வந்தவர்களில் அவளைப் போல் யாரும் உடுத்தவில்லை. பழையது ஒன்றோ இரண்டோ கண்ணில் படட்டும், மற்றதெல்லாம் அடங்கி இருக்கட்டும், எது போட்டாலும் உங்கள் உடம்புக்குப் பொருந்தட்டும்: நான் சொல்ல வருவது இதுதான்.

முதலில் வீட்டில் கேளுங்கள். பாட்டி தூங்கும்போது பெட்டியைத் திறக்காதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து, "பாட்டி, இதை ஒரு ராத்திரிக்குக் கட்டிக்கட்டுமா?" என்று கேளுங்கள். எந்தத் தீபாவளிக்கு வாங்கியது, எந்தக் கடையில், என்ன விலை என்று எல்லாம் வரும், அப்படியே கொசுவம் எப்படி வைப்பது என்பதையும் அவரே காட்டிக் கொடுப்பார். பட்டாக இருந்தால் மடிப்பு ஓடும் கோட்டை விரலால் தடவிப் பாருங்கள். பல வருஷம் ஒரே மடிப்பில் கிடந்த பட்டும் ஜரிகையும் அந்தக் கோட்டில்தான் விட்டுப்போகும். இழை பிரிந்திருந்தால் ஆட்டத்துக்குக் கட்ட வேண்டாம், தோளில் துண்டாகப் போட்டுக்கொண்டு போங்கள்.

அந்துருண்டை வாடைக்கு வாசனைத் திரவியம் அடித்தால் இரண்டும் கலந்து இன்னும் மோசமாகும். நிழலில், காற்றோட்டமாக, சில நாள் தொங்க விடுவதுதான் வழி. பட்டை வெயிலில் போட்டால் சாயம் வெளுக்கும்.

வீட்டில் ஒன்றும் இல்லையென்றால் பண்டல் கடை. ஜப்பானிலிருந்து வரும் பழைய துணி நம் நாட்டில் மூட்டை மூட்டையாக இறங்குகிறது, ஈப்போ வரை போனால் நாள் முழுக்கக் கிளறலாம். கிளறும்போது லேபிளைப் பாருங்கள். 'மேற்கு ஜெர்மனியில் தயாரித்தது' என்றிருந்தால் அது 1990க்கு முந்தியது, அப்புறம் அந்தப் பெயரில் நாடே இல்லை. லீவைஸ் ஜீன்ஸ் சிலுவாரின் சிவப்புத் துண்டில் பெயர் முழுவதும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் (LEVI'S) இருந்தால் 1971 வாக்கில் அல்லது அதற்கு முன் வந்தது, ஆனால் அதே மாதிரி மறுபதிப்புகளும் இப்போது விற்கிறார்கள் என்பதால் அதை மட்டும் நம்பிக் காசு கொடுக்க வேண்டாம். லேபிளில் இணைய முகவரி இருந்தால் பேசாமல் திரும்ப வைத்துவிடுங்கள்.

துணி என்னவென்று தெரியாவிட்டால், வாங்கி வந்த பிறகு உள் தையலிலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிவது போல் மணந்து சாம்பலாக உதிரும், பட்டு முடி கருகும் வாடை அடிக்கும், பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாக நிற்கும். இது ஏன் முக்கியம் என்றால் நம் டேவானில் காற்றாடிதான். எழுபதுகளின் பெரிய காலர் சட்டைகள் பலவும் பாலியஸ்டர்தான், அது வியர்வையை உறிஞ்சாது, உள்ளே மெல்லிய பருத்திப் பனியன் இல்லாமல் போனால் மூன்றாவது பாட்டுக்கே நனைந்துவிடுவீர்கள்.

அளவு விஷயத்தில் தோளைப் பாருங்கள். இடுப்பைப் பிடிக்கலாம், நீளத்தைக் குறைக்கலாம், தோள் அகலத்தைச் சரிசெய்வது பெரிய வேலை. பழைய ரவிக்கைகளில் தையல்காரர் உள்ளே துணி விட்டிருப்பார், அதைப் பிரித்தாலே ஒரு சுற்றுக் கூடும். உள்ளூர்த் தையல்காரரிடம் கொடுக்கும்போது ஒன்று மட்டும் சொல்லுங்கள்: எதையும் வெட்டாமல் உள்ளே மடித்துத் தைக்கச் சொல்லுங்கள். அடுத்து உடுத்துபவருக்கும் அது வேண்டும்.

பெல்பாட்டம் போட்டு மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள் கணுக்காலில் ரப்பர் பேண்ட் போட்டுக்கொள்ளுங்கள், சங்கிலியில் சிக்கினால் கால் போய்விடும். பழைய காலணியை வீட்டிலேயே வளைத்துப் பாருங்கள், நம் ஊர் ஈரத்தில் பியூ (பாலியூரித்தேன்) சோல் உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போய் ஆடும்போது துண்டு துண்டாக உதிரும். சோல் மோசமென்றால் சாதாரணக் கறுப்புச் செருப்பே போதும்.

தலைமுடிக்கு வெளிநாட்டுப் படம் எதையும் பார்க்க வேண்டியதில்லை. பினாங்கின் அலிகேட்ஸ் இசைக்குழுவில் லோகநாதனும் டேவிட் ஆறுமுகமும் அந்த அடர்ந்த ஆஃப்ரோ முடியோடு நின்று மலாய்ப் பாட்டுப் பாடி நாட்டையே கவர்ந்தார்கள். சுருட்டை முடி உள்ளவர்கள் அதை நேராக்கப் பணம் செலவழிக்காமல் அப்படியே கோதி விடுங்கள், அதைவிட அழகு வேறு என்ன வேண்டும்? நேர்முடிக்காரர்களுக்குப் பக்க வகிடும் கொஞ்சம் பிரில்கிரீமும் போதும்.

அங்கே யாருடைய உடுப்பாவது பிடித்திருந்தால் போய்ச் சொல்லுங்கள், படம் எடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள்.

வீடு திரும்பியதும் அப்படியே சுருட்டி வைக்காதீர்கள். வியர்வை பட்ட துணி அக்குளில்தான் முதலில் மக்கும். அன்றிரவே ஹேங்கரில் போட்டு விரித்து விடுங்கள், பருத்தியையும் பாலியஸ்டரையும் மறுநாள் பச்சைத் தண்ணீரில் கையால் அலசி நிழலில் காயப்போடுங்கள், பட்டை மட்டும் நல்ல டோபியிடம் கொடுங்கள். திரும்பப் பெட்டியில் வைக்கும்போது மடிப்பை ஒரு சாண் தள்ளி மடியுங்கள்.